பொண்ணோட அண்ணன் எதுல செத்தான்னு யாருமே கேக்கல

போன மாசம் ஒரு வளைகாப்பு வீட்டுல சாப்பிட்டு முடிச்சு ஃபேனுக்கு அடியில உக்காந்திருந்தப்ப பேச்சு எங்கெங்கயோ சுத்தி சொந்தத்துல கட்டுறது நல்லதா கெட்டதாங்குற இடத்துக்கு வந்துச்சு. எங்க பெரியப்பாவுக்கு இந்த மாதிரி டாபிக் கிடைச்சா போதும். "இங்கிலாந்து ராஜா குடும்பத்தையே எடுத்துக்கோ, அந்தஸ்து வெளிய போயிடக்கூடாதுன்னு சொந்தத்துக்குள்ளயே கட்டி கட்டி கடைசில ரத்தமே உறையாம போச்சு"ன்னாரு. சுத்தி இருந்த எல்லாரும் ஆமாம் ஆமாம்னாங்க. நான் பதினோரு வருஷமா லேப்ல ரத்தத்தோடயே குப்பை கொட்டுறவ, பெரியப்பா அது அப்டி இல்லைன்னு வாய தொறக்குறதுக்குள்ள வெத்தலை தட்டு வந்துடுச்சு, பேச்சும் மாறிடுச்சு. அன்னிக்கு தொண்டையில நின்னத இங்க எழுதிடுறேன்.

சொந்தத்துல கட்டுறதால வர்ற நோய் நிறைய இருக்கு, அத நான் மறுக்கல. ஆனா பெரியப்பா சொன்ன அந்த ரத்தம் உறையாத நோய், ஹீமோஃபிலியா, அந்த லிஸ்ட்ல இல்ல. ரத்தம் உறையிறதுக்கு தேவையான ஃபேக்டர் எட்டு, ஃபேக்டர் ஒன்பதுன்னு ரெண்டு புரதம், இந்த ரெண்டையும் செய்யிற ஜீன் எக்ஸ் குரோமோசோம்ல உக்காந்திருக்கு. பொண்ணுக்கு எக்ஸ் ரெண்டு, ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணு பெரும்பாலும் சமாளிச்சிடும். பையனுக்கு ஒரே ஒரு எக்ஸ், அதுவும் அம்மாகிட்ட இருந்து மட்டும்தான் வரும், அப்பா குடுக்குறது ஒய். அப்போ பையனுக்கு வர்ற ஹீமோஃபிலியாவுல அப்பாவுக்கு எந்த சம்பந்தமும் இல்ல, அவரு மாமன் மகனா இருந்தா என்ன, கடல் தாண்டி வந்தவரா இருந்தா என்ன. கேரியரா (கெட்ட எக்ஸ் ஒண்ண சுமக்குறவங்க) இருக்குற அம்மாவுக்கு பொறக்குற ஒவ்வொரு பையனுக்கும் பாதிக்கு பாதி சான்ஸ், ஒவ்வொரு பொண்ணுக்கும் கேரியராகுறதுக்கு பாதிக்கு பாதி சான்ஸ், ஒவ்வொரு பிரசவத்துக்கும் புதுசா காசு சுண்டுற மாதிரி. ஸ்பெயின் ராஜா 13ஆம் அல்ஃபோன்சோவும் அவரு கட்டிக்கிட்ட, இங்கிலாந்து விக்டோரியா ராணியோட பேத்தி ஏனாவும் நெருங்கின சொந்தமே கிடையாது, ஆனாலும் ரெண்டு பசங்களுக்கு வந்துச்சு. பெரியப்பா கணக்கு இங்கயே இடிக்குது.

சரி ஆரம்பத்துல இருந்து வரேன். விக்டோரியா ராணி பொறந்தது 1819, அப்போ அவங்க அப்பா கென்ட் டியூக் எட்வர்டுக்கு 51 வயசு. அவருக்கு இந்த நோய் கிடையாது, அவங்க அம்மா பக்கமும் முன்னாடி யாருக்கும் இருந்ததா தெரியல. வயசான அப்பாவோட விந்தணுவுல புதுசா எழுத்துப்பிழை வர்ற வாய்ப்பு ஜாஸ்தி, அதனால அங்கதான் மொத தடவையா இந்த தப்பு விழுந்திருக்கும்னு நிறைய பேரு நினைக்குறாங்க. இத கணக்கோட யோசிச்சவரு ஹால்டேன்னு ஒரு விஞ்ஞானி, ஹீமோஃபிலியா ஜீன் எவ்ளோ அடிக்கடி புதுசா கெட்டுப்போகும்னு 1935லயே கணிச்ச ஆளு. (அந்த ஹால்டேன் 1957ல இங்கிலாந்து வேணாம்னு இந்தியாவுக்கே வந்து இங்கயே குடியுரிமை வாங்கி, 1964ல புவனேஸ்வர்ல செத்தாரு, அவரு கதைக்கு தனியா ஒரு போஸ்ட் வேணும்.) இப்பவும் ஹீமோஃபிலியா கேஸ்ல கிட்டத்தட்ட மூணுல ஒண்ணு குடும்பத்துல யாருக்குமே இல்லாம திடீர்னு வர்றதுதான். ரிப்போர்ட் வாங்க வர்ற அம்மாங்க "எங்க வம்சத்துலயே கிடையாதுங்க"ன்னு சொல்லும்போது அவங்க பொய் சொல்லல.

விக்டோரியாவும் அதையேதான் சொன்னாங்க, இந்த நோய் நம்ம குடும்பத்துல கிடையாதுன்னு. ஒம்பது புள்ளைங்க. நாலு பையன்ல ஒருத்தருக்குத்தான் நோய், எட்டாவதா 1853ல பொறந்த லியோபோல்ட். அந்த பிரசவத்துலதான் டாக்டர் ஜான் ஸ்னோ ராணிக்கு குளோரோஃபார்ம் குடுத்தாரு, அது அந்த காலத்துல பெரிய பேச்சு. அஞ்சு பொண்ணுங்கள்ல ஆலிஸ், பியாட்ரிஸ் ரெண்டு பேரும் கேரியர். மூத்த பையன் எட்வர்டுக்கு நல்ல எக்ஸ் விழுந்துச்சு, அதனாலதான் இன்னிக்கு வரைக்கும் இங்கிலாந்து சிம்மாசனத்துல இந்த நோய் உக்காரல. பெரியப்பா "இங்கிலாந்து ராஜா"ன்னு சொன்னாருல்ல, உண்மையில அங்கதான் அது இல்லாம போச்சு, அங்க இருந்து பொண்ணு போன ஊருலதான் வந்துச்சு.

லியோபோல்ட் படிப்புல கெட்டி. ராணி அவர எங்கயும் விடமாட்டாங்க, ஓடாத ஆடாத ஏறாதன்னு, அவரு மல்லுக்கட்டிதான் ஆக்ஸ்ஃபோர்டுக்கு படிக்கவே போனாரு. கல்யாணம் ஆகி ஒரு பொண்ணு பொறந்து, ரெண்டாவது புள்ள வயித்துல இருக்கும்போது, 1884 மார்ச்ல மூட்டுவலிக்கு குளிர் ஆகாதுன்னு தெற்கு பிரான்ஸ்ல கான் நகரத்துக்கு போனவரு, அங்க ஒரு கிளப்புல வழுக்கி விழுந்து முழங்கால்ல அடி. நமக்குன்னா ஐஸ் வச்சு ரெண்டு நாள் நொண்டுவோம். அவரு மறுநாள் விடியறதுக்குள்ள மூளையில ரத்தம் கசிஞ்சு போய் சேந்துட்டாரு, வயசு 30.

இப்போ ஒரு விஷயம் கவனிங்க. லியோபோல்ட்கிட்ட ஒரே எக்ஸ், அது கெட்ட எக்ஸ், அதனால பொண்ணுக்கு கண்டிப்பா அதுதான் போகும், பையனுக்கு கண்டிப்பா போகாது. அதே மாதிரிதான் நடந்துச்சு. பொண்ணு ஆலிஸ் (அத்தை பேரையே வச்சாங்க) கேரியர், அவங்க பையன் ரூபர்ட் 1928ல பிரான்ஸ்ல கார் ஆக்சிடென்ட்ல அடிபட்டு தேறாமலே போயிட்டாரு. அப்பா செத்த பிறகு பொறந்த பையனுக்கு ஒண்ணும் இல்ல, இன்னிக்கு ஸ்வீடன் ராஜா அந்த பையனோட பேரன். நோயாளியோட நேர் வாரிசு, ஆனா நோய் அந்த கிளையில இல்லவே இல்ல.

அடுத்து லியோபோல்டோட அக்கா ஆலிஸ். இவங்களுக்கு ஜெர்மனியில ஹெஸ்ஸே, டார்ம்ஸ்டாட் அரண்மனை. சின்ன பையன் ஃப்ரிட்டி, ரெண்டரை வயசு. காதுல ஒரு சின்ன வெட்டு பட்டு நாள்கணக்கா ரத்தம் நிக்காம ஓடினப்பவே வீட்டுல விஷயம் புரிஞ்சிடுச்சு. 1873 மே மாசம் ஒரு காலையில ரெண்டு பசங்களும் அம்மா ரூம்ல விளையாடிட்டு இருந்தாங்க, அண்ணன் ஓடிப்போய் எதிர்ப்பக்க ஜன்னல்ல நின்னு இவன பாத்து வேடிக்கை காட்ட, இவன் அவன பாக்குறதுக்காக இந்தப்பக்க ஜன்னல்ல ஏறியிருக்கான். இருபது அடி கீழ. உடனே சாகல, அன்னிக்கு சாயங்காலம் தலைக்குள்ள ரத்தம் கட்டி செத்தான். வேற பிள்ளையா இருந்தா பொழைச்சிருக்கும்னு சொல்றவங்க உண்டு.

அப்போ ஒரு வயசு தங்கச்சி ஒருத்தி வீட்டுல இருந்தா. பேரு அலிக்ஸ். இவதான் பின்னாடி ரஷ்யாவோட மகாராணி அலெக்ஸாண்ட்ரா.

இங்கதான் எனக்கு ஆச்சரியம். அலிக்ஸ ரஷ்யாவுக்கு குடுக்குறதுக்கு முன்னாடி வருஷக்கணக்கா பேச்சுவார்த்தை. மதம் பெரிய பிரச்சனை, அவ லூத்தரன், அங்க ஆர்த்தடாக்ஸ், மாறமாட்டேன்னு அவ அழுதது, பையன், ரஷ்யாவோட பட்டத்து இளவரசன் நிக்கோலஸ், பிடிச்ச பிடியில நின்னது, மாப்பிள்ளை வீட்டுல இந்த சம்பந்தம் வேணாம்னு முகத்த தூக்கினது, எல்லாம் நடந்துச்சு. கல்யாணம் 1894. அதுக்குள்ள பொண்ணோட அண்ணன் செத்து 21 வருஷம், தாய்மாமா லியோபோல்ட் செத்து 10 வருஷம், அக்கா ஐரீனுக்கு 1889ல பொறந்த வால்டெமாருக்கும் அதே நோய். இந்த நோய் ஆம்பளைங்கள அடிக்கும், பொம்பளைங்க வழியா போகும்னு அமெரிக்காவுல ஃபிலடெல்ஃபியாவுல ஜான் ஓட்டோன்னு ஒரு டாக்டர் 1803லயே எழுதி வச்சுட்டாரு. தொண்ணூறு வருஷத்துக்கு முன்னாடியே. நம்ம ஊருல பத்து பொருத்தம் பாக்குறத கிண்டல் பண்றவங்க இத யோசிங்க, அங்கயும் மதம், பட்டம், அந்தஸ்து, தாத்தா பூட்டன் வரைக்கும் தோண்டி பாத்தாங்க, பொண்ணோட கூடப்பொறந்தவன் எதுல செத்தான்னு மட்டும் சபையில யாரும் கேக்கல. கேட்டிருந்தாலும் நிறுத்தியிருப்பாங்களான்னு சந்தேகம்தான், ஏன்னா இது எந்த பொண்ணுகிட்ட இருக்கு எதுகிட்ட இல்லன்னு கண்டுபுடிக்க அப்போ வழியே கிடையாது, அலிக்ஸோட கூடப்பொறந்த எல்லா அக்காவும் கேரியர் கிடையாதே. ஆனா கேள்வி கூடவா எழக்கூடாது.

அலிக்ஸுக்கு வரிசையா நாலு பொண்ணு. ரஷ்யாவுல பொண்ணு பட்டத்துக்கு வர முடியாது, பையன் பையன்னு ஊரே காத்திருக்கு. 1904 பிப்ரவரில அக்கா ஐரீனோட கடைக்குட்டி ஹென்ரிச், நாலு வயசு, விழுந்து தலையில அடிபட்டு ரத்தக்கசிவுல செத்தான். அப்போ அலிக்ஸ் வயித்துல அஞ்சாவது. ஆகஸ்ட்ல பையன், அலெக்ஸெய். பீரங்கி குண்டு முழங்குச்சு. ஆறு வாரம் கழிச்சு தொப்புள்ல இருந்து ரத்தம் கசிய ஆரம்பிச்சு நிக்கல. அந்த நிமிஷம் அவங்களுக்கு யாரும் எதையும் விளக்கியிருக்க வேணாம். அண்ணன், மாமா, அக்கா புள்ள, எல்லா முகமும் வந்து போயிருக்கும்.

வெளிய இருக்கவங்க ஹீமோஃபிலியான்னா கைய வெட்டிக்கிட்டா ரத்தம் நிக்காதுன்னு மட்டும் நினைக்குறாங்க. உள்ளுக்குள்ள கசியிறதுதான் கொடுமை. முட்டி, கணுக்கால், இடுப்பு, தோல் கிழியாமலே மூட்டுக்குள்ள ரத்தம் ரொம்பி ரொம்பி பலூன் மாதிரி வீங்கும், அந்த வலி பாத்தவங்களுக்குத்தான் தெரியும், திரும்பத் திரும்ப வந்தா மூட்டே தேஞ்சு கால் மடங்குனபடியே நின்னுடும். அலெக்ஸெய்க்கு கூடவே இருக்க ரெண்டு மாலுமிங்கள போட்டாங்க, விழாம பாத்துக்குறது, முடியாதப்ப தூக்கிக்கிட்டு போறது அவங்க வேலை.

1912 இலையுதிர் காலம், இப்போ போலந்துல இருக்குற ஸ்பாலாங்குற இடத்துல வேட்டை மாளிகை. கொஞ்ச நாள் முன்னாடி படகுல தாவி ஏறும்போது பையனுக்கு தொடைப்பக்கம் இடிச்சிருந்துச்சு, தேறிட்டான்னு நினைச்சு அம்மா அவன வண்டில கூட்டிட்டு போக, மேடு பள்ளத்துல குலுங்கி உள்ள மறுபடி கசிய ஆரம்பிச்சிடுச்சு. தொடையில இருந்து அடிவயிறு வரைக்கும் ரத்தக்கட்டு. எட்டு வயசு புள்ள நாள்கணக்கா கத்துறான். ஆனா அதே வீட்டுல கீழ விருந்தாளிங்க, வேட்டை, விருந்து எல்லாம் ஓடிக்கிட்டே இருக்கு, ஏன்னா பட்டத்து இளவரசனுக்கு என்ன நோய்ங்குறது ராஜ ரகசியம். ஒரு ராத்திரி அவனோட அக்காங்க ரெண்டு பேரு விருந்தாளிங்க முன்னாடி ஒரு பிரெஞ்சு நாடகத்துல கொஞ்சம் நடிச்சு காட்டுறாங்க, மகாராணி முன்வரிசையில சிரிச்சு பேசிக்கிட்டு இருக்காங்க. பசங்களோட டீச்சர் பியேர் ஜில்லியார்னு ஒரு சுவிட்சர்லாந்துக்காரரு வெளிய நடையில நிக்குறாரு, ரூமுக்குள்ள இருந்து முனகல் கேக்குது, திடீர்னு மகாராணி ரெண்டு கையாலயும் நீள பாவாடைய தூக்கி பிடிச்சுக்கிட்டு வெறி புடிச்ச மாதிரி ஓடி வர்றாங்க, அவரு நிக்குறதுகூட கண்ணுல படல, உள்ள போயிட்டாங்க. கொஞ்ச நேரத்துல திரும்பி வந்து மறுபடி அதே சிரிப்போட விருந்தாளிங்க நடுவுல உக்காந்துட்டாங்க. இத அவரே பின்னாடி எழுதி வச்சிருக்காரு. நான் இத எத்தன தடவ படிச்சாலும் அந்த பாவாடைய தூக்கி பிடிச்ச கையிலயே நின்னுடுறேன்.

பொழைக்கமாட்டான்னு பாதிரியார் வந்து கடைசி சடங்கு முடிச்சாச்சு. அப்போதான் சைபீரியாவுல இருந்து, மகாராணி நம்பின ரஸ்புடின்ங்குற சாமியாரோட தந்தி, சின்னவன் சாகமாட்டான், டாக்டருங்க ரொம்ப தொந்தரவு பண்ண வேணாம்னு. அதுக்கப்புறம் ரத்தக்கசிவு நின்னுச்சு. அற்புதமா தற்செயலான்னு நூறு வருஷமா சண்டை போடுறாங்க. எனக்கு தோணுறது, உள்ள ரொம்பின ரத்தமே அழுத்தி ஒரு கட்டத்துல கசிவு நிக்குறது உண்டு, டாக்டருங்க சும்மா சும்மா அமுக்கி பாக்காம விட்டதும் நல்லதாத்தான் இருந்திருக்கும். ஆனா அந்த அம்மாவுக்கு இந்த விளக்கமெல்லாம் எதுக்கு, படிச்ச டாக்டரெல்லாம் கைய விரிச்ச நேரத்துல ஒருத்தன் சாகமாட்டான்னு சொன்னான், சாகல, அவ்ளோதான்.

இதனாலதான் ரஷ்யப் புரட்சியே வந்துச்சுன்னு எழுதுறவங்களும் இருக்காங்க, அது கொஞ்சம் ஓவர். பசி, தோத்த போரு, 1905லயே மக்கள் மேல நடத்தின துப்பாக்கிச்சூடு, இதையெல்லாம் ஒரு எக்ஸ் குரோமோசோம் மேல தூக்கி போட முடியாது. ஆனா ரகசியம் வச்சதுக்கு ஒரு விலை இருந்துச்சு. புள்ளைக்கு உடம்பு சரியில்லன்னு ஊருக்கு தெரியும், என்ன வியாதின்னு தெரியாது, அப்புறம் ஒரு அழுக்கு தாடிக்காரன் எதுக்கு அரண்மனைக்குள்ள வந்து போறான்னு கேட்டா ஜனங்களுக்கு தோணுன ஒரே பதில் அசிங்கமான பதில்தான். "என் புள்ள சாகக்கிடக்குறான்"னு அந்த அம்மா சொல்லியிருந்தா பாதி வாய் மூடியிருக்கும்.

1917 மார்ச்ல நிக்கோலஸ் பட்டத்த துறக்கும்போது மொதல்ல பையனுக்கு விட்டுக்குடுக்குறதாத்தான் இருந்தாரு. டாக்டர் ஃபியோதரோவ கூப்பிட்டு இவனுக்கு குணமாகுமான்னு கேட்டாரு, ஆகாதுன்னதும் பையன் பேருலயும் சேத்தே துறந்துட்டாரு. 1918 ஜூலை 17 யெகாதெரின்பர்க்ங்குற ஊருல புரட்சிக்காரங்க குடும்பத்தோட எல்லாரையும் சுட்டுக்கொல்ல பாதாள அறைக்கு கூட்டிட்டு போனப்ப அலெக்ஸெய்யால நடக்க முடியல, அப்பாதான் தூக்கிட்டு போனாரு. 14 வயசு முடிய இன்னும் ஒரு மாசம்கூட முழுசா இல்ல.

ஸ்பெயின் கதைய சுருக்கமா சொல்றேன். விக்டோரியாவோட கடைசி பொண்ணு பியாட்ரிஸ், அவங்க பொண்ணுதான் ஏனா. இங்கயும் அதே கூத்து, ஏனா கத்தோலிக்கரா மாறணும், அப்பா வழி பட்டம் கம்மின்னு பெரியமாமா எட்வர்ட் ராஜா அவங்களுக்கு பட்டத்த ஒசத்தி குடுத்தாரு, ஆனா கூடப்பொறந்த தம்பிக்கு ரத்தம் உறையாதுங்குறது கல்யாணத்த நிறுத்தல. 1906 மே 31 மேட்ரிட்ல கல்யாண ஊர்வலத்துல பூச்செண்டுக்குள்ள வச்சு குண்டு வீசினான் ஒருத்தன், பொண்ணு மாப்பிள்ளை தப்பிச்சாங்க, கல்யாண கவுன்ல அடுத்தவங்க ரத்தம். மூத்த பையன் அல்ஃபோன்சோவுக்கு 1907ல சுன்னத் பண்ணும்போது ரத்தம் நிக்கல, விஷயம் வெளிய வந்துச்சு. கடைசி பையன் கோன்சாலோவுக்கும் அதேதான். புருஷன் இத கடைசி வரைக்கும் பொண்டாட்டி மேலயே பழிய போட்டு மூஞ்சிய திருப்பிக்கிட்டாரு. 1934ல ஆஸ்திரியாவுல அக்கா ஓட்டுன கார் இடிச்சப்ப கோன்சாலோவுக்கு மொதல்ல ஒண்ணும் இல்லாத மாதிரிதான் இருந்துச்சு, வயித்துக்குள்ள கசிஞ்சு செத்தாரு, வயசு 19. மூத்தவரு ஒரு கியூபா பொண்ண கட்டிக்க பட்டத்தையே விட்டாரு, 1938ல மியாமில அவருக்கும் கார்தான், அவருக்கும் உள்ளுக்குள்ள கசிவுதான். நடுவுல பொறந்த ஹுவானுக்கு நல்ல எக்ஸ் விழுந்துச்சு, இப்போ இருக்குற ராஜா ஃபெலிப்பே அவரோட பேரன்.

லேப் ஆளா எனக்கு ரொம்ப புடிச்ச பகுதி இனிமேதான். ரத்தம் உறைய நேரம் ஆகுதுன்னு ஏபிடிடிங்குற டெஸ்ட்ல ரிசல்ட் வந்தா நாங்க நார்மல் பிளாஸ்மாவ (நோய் இல்லாதவங்க ரத்தத்தோட நீர்ப்பகுதி) கலந்து பாப்போம், சரியாச்சுன்னா ஏதோ ஒரு ஃபேக்டர் கம்மின்னு அர்த்தம். 1940கள்ல அர்ஜென்டினாவுல பாவ்லோவ்ஸ்கின்னு ஒரு டாக்டர் ரெண்டு ஹீமோஃபிலியா நோயாளிங்க ரத்தத்த ஒண்ணோட ஒண்ணு கலந்தாரு, ரெண்டுமே உறையாத ரத்தம், கலந்ததும் உறைஞ்சிடுச்சு! அப்போ ரெண்டு பேருக்கும் குறையிறது ஒரே பொருள் இல்லன்னு ஆகுதுல்ல. 1952ல இங்கிலாந்துல அந்த ரெண்டாவது வகைக்கு பேரு வச்சாங்க, கிறிஸ்துமஸ் நோய்னு, பண்டிகைக்காக இல்ல, அந்த சின்ன பையன் நோயாளியோட பேரே ஸ்டீஃபன் கிறிஸ்துமஸ். அதுதான் இப்போ ஹீமோஃபிலியா பி, ஃபேக்டர் ஒன்பது. எட்டு குறையிற ஏ வகைதான் ரொம்ப சகஜம், பி அதுல அஞ்சுல ஒரு பங்கு மாதிரி.

ராஜ குடும்பத்துது எந்த வகைன்னு யாருக்கும் தெரியாமலே இருந்துச்சு, ரத்தம் வேணுமே டெஸ்ட் பண்ண. ரஷ்யாவுல தோண்டி எடுத்த எலும்புங்க ஜார் (ரஷ்ய ராஜா) நிக்கோலஸ் குடும்பத்துதுதானான்னு 1993ல பாக்குறதுக்கு எலிசபெத் ராணியோட புருஷன் பிலிப் தன் ரத்தத்த குடுத்தாரு, ஏன்னா அவரு அம்மாவோட அம்மா அலிக்ஸுக்கு கூடப்பொறந்த அக்கா, தாய்வழியா மட்டும் வர்ற டிஎன்ஏ ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும், இருந்துச்சு. அலெக்ஸெய்யும் ஒரு அக்காவும் மட்டும் வேற குழியில, அது கிடைச்சது 2007ல. 2009ல அந்த எலும்புல இருந்தே ஜீன படிச்சு சொன்னாங்க, ஹீமோஃபிலியா பி, ஃபேக்டர் ஒன்பது ஜீன்ல ஒரே ஒரு எழுத்து, ஏ இருக்கவேண்டிய இடத்துல ஜி. அம்மாகிட்ட அது இருந்துச்சு, நாலு பொண்ணுங்கள்ல ஒருத்திகிட்டயும் இருந்துச்சு, அது அனஸ்தாசியான்னு ரஷ்ய ஆளுங்களும் மரியான்னு அமெரிக்க ஆளுங்களும் சொல்றாங்க.

ஐரீனோட மூத்த பையன் வால்டெமார விட்டுட்டேன் பாருங்க. இந்த குடும்பத்துல இந்த நோய்ல போன கடைசி ஆளு அவருதான், ஃபேக்டர் ஊசி எதுவும் இல்லாத காலத்துல 56 வயசு வரைக்கும் இருந்தாரு, புள்ளைங்க கிடையாது. 1945ல ரஷ்யப் படை வருதுன்னு பொண்டாட்டியோட வீட்ட விட்டு ஓடி பவேரியாவுல டூட்சிங்னு ஒரு ஊருக்கு வந்து சேந்தாரு, அங்க அவருக்கு ரத்தம் ஏத்தினாங்க. மே 1 அமெரிக்கப் படை ஊருக்குள்ள வந்துச்சு, இருந்த மருந்து, டாக்டருங்க எல்லாத்தையும் பக்கத்துல நாஜி முகாம்ல இருந்து எலும்பும் தோலுமா வந்த ஜனங்களுக்கு திருப்பி விட்டாங்க. அடுத்த தடவ ஏத்த ரத்தம் இல்ல. மறுநாள் போயிட்டாரு.